தந்தையின் கையெழுத்து

கல்லூரிப் பெண்கள் வெளியூரில் இரவு தங்க வேண்டுமானால் தந்தையின் கையெழுத்து வேண்டும் என்று அந்த மாநிலம் சட்டம் போட்டது. அதைக் கண்டித்து, அங்கே ஓர் ஊரில் நடக்கவிருந்த கல்லூரிக் கபடிப் போட்டியை விளையாட்டு வாரியம் பக்கத்து மாநிலத்துக்கு மாற்றிவிட்டது. பாராட்டு குவிந்தது. அந்த ஊர்க் கல்லூரி அணியின் தலைவி செல்வமேரியை வாரியச் செயலாளரே தொலைபேசியில் அழைத்தார்.

“உங்களுக்காகத்தாம்மா மாத்தினோம்.”

செல்வமேரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “உள்ளூர்ல நடந்திருந்தா யார் கையெழுத்தும் இல்லாம ஆடியிருப்போம் சார். இப்ப எங்கப்பன்கிட்ட போய் நிக்கணும். எங்கம்மாவ அடிச்சு வெளிய தள்ளுன மனுசன். எங்கள ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

அவர் ஏதோ கூட்டம் இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

வெளியூரில் தங்குவதற்கான அனுமதிப் படிவத்தில் தந்தைக்கான இடத்தில் அவள் தன் பெயரையே எழுதி, அணியோடு பஸ் ஏறினாள். மாநில எல்லையில் பஸ்ஸுக்குள் வந்த போலீஸ்காரர் அவள் படிவத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது யார் கையெழுத்து?”

“என்னோடது.”

“அப்பா எங்க?”

“பத்து வருசமா அந்த வேலையையும் நான்தான் பாக்குறேன்.”

“கீழ இறங்கு.”

அவள் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டு, “வண்டிய எடுங்கண்ணே” என்றாள் ஓட்டுநரிடம்.