சுண்டுவிரலுக்கும் இடம் வேணும்

“இது போதும் நீலா. காலுக்கு எவ்வளவு லட்சணமா இருக்கு பாரு.”

கணவர் கோமதிநாயகம் சொன்னதை நீலாம்பாள் காதில் வாங்கவில்லை. கடைக் கண்ணாடி முன்னால் கொஞ்சம் நடந்தாள். திரும்பி வரும்போதே முகம் சுருங்கியது. உட்கார்ந்து, கூர்மூக்கு வைத்த அந்த ஷூவைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள்.

“சுண்டுவிரல் மடங்குது. வேண்டாம்.”

“போட்டுப் போட்டு நெகிழ்ந்திரும்.”

“அது நெகிழுகதுக்குள்ள என் விரலு போயிரும்.”

காலையில் பழவங்காடி கணபதிக்கு ஆளுக்கொரு தேங்காய் உடைத்துவிட்டுக் கடைகடையாக ஏற ஆரம்பித்தவர்கள். இது மூன்றாவது கடை. முதல் கடையில் ஒரு நம்பர் கூட்டிக் கொடுத்தார்கள். அகலம் சரியாக வந்தது, ஆனால் குதிகால் கழன்றது. அடுத்த கடையில், பெண்களுக்கு இந்த அகலத்தில் வராது என்று கையை விரித்துவிட்டார்கள். எங்கே போனாலும் கோமதிநாயகம் மட்டும் ஒரே மாதிரிதான். இருப்பதிலேயே ஒடுங்கிய ஷூவாகப் பார்த்து எடுத்து, “இது அழகு” என்றார்.

நீலாம்பாளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பிறவியிலேயே அகலமான பாதம். இத்தனை வருடமும் ரப்பர் செருப்பிலேயே ஓட்டியாயிற்று. இன்று ஷூ வாங்காமல் வீடு திரும்புவதில்லை என்று சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டிருந்தாள்.

கடையில் விற்பனைக்கு நின்ற ஜெயன் பாறசாலைப் பக்கத்துத் தமிழர். தரையில் குந்தி, அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“டாக்டர் நடக்கச் சொன்னாரா சேச்சி? சுகரா?”

“சுகர் ஒண்ணும் இல்ல தம்பி. நாளைக்குக் காலம்பற தொடங்கினா ஒரு மாசம் நிறுத்தப்படாது. வெயிலு மழை பாக்கப்படாது. படி ஏறணும், இறங்கணும். காலு வலிக்குன்னு ஒரு நாளு கூட உக்காரப்படாது.”

“வீட்டில இருக்கப்பட்டவளுக்கு எதுக்கு இம்புட்டு நடை?” என்றார் கோமதிநாயகம். “பழைய ரப்பர் செருப்பு மதியே, அது போதும்.”

“மழையில அது வழுக்கும். வாரு அறுந்தா பாதி வழியில நிக்கணும்.”

“அப்ப ஒரு ஆட்டோ பிடி.”

“நடந்துதான் போகணும். நடந்து போனாத்தான் மதிப்பு.”

கோமதிநாயகத்தின் போன் அடித்தது. வாசல் பக்கம் ஒதுங்கி நின்று பேசினார்.

“ஆமா, கடையிலதான் இருக்கோம்... இல்ல, இதுவரைக்கும் ஒண்ணும் சரியாகல்ல. பயப்படாண்டாம். கிடைக்காதுன்னுதான் தோணுது.”

நீலாம்பாள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். லேசாகச் சிரித்துக்கொண்டாள்.

ஜெயன் எழுந்து கடையின் மறுபக்கம் போய் ஒரு பெட்டியோடு வந்தார். உள்ளே சாம்பல் நிற கேன்வாஸ் ஷூ. மூக்கு நன்றாகப் பரந்திருந்தது.

“இது ஆம்பிளைக்குள்ளது சேச்சி. முன்பக்கம் நல்ல அகலம், சோலும் வழுக்காது. இட்டு நோக்குங்க.”

நீலாம்பாள் போட்டாள். உள்ளே விரல்களை விரித்துப் பார்த்தாள். எழுந்து வாசலுக்கு நடந்து, கடைப்படியில் இறங்கி ஏறினாள். வலிக்கவில்லை என்பதை நம்பாமல் இன்னொரு முறை வேகமாக இறங்கி ஏறினாள். மழைத்துளி தெறித்துச் சேலை ஓரம் நனைந்தது. அவள் கவனிக்கவில்லை.

“இதை எடுத்துக்கிடுகேன்.”

“ஆம்பிளை ஷூவா?” கோமதிநாயகத்தின் குரல் மாறிவிட்டது. “சேலைக்கு அடியில இது தெரிஞ்சா நாலு பேரு சிரிப்பாங்க நீலா.”

“சிரிக்கட்டு. சிரிச்சுக்கிட்டே கதவைத் திறந்தா மதி.”

“இன்னொருக்கா யோசி. அந்த முதல்ல பாத்தது...”

“கல்யாணத்தன்னைக்கு எங்க வீட்டில வாங்கித் தந்த செருப்பு வெட்டி ரத்தம் வந்துது. உங்ககிட்டச் சொன்னேன். அன்னைக்கும் நீங்க, நல்லா இருக்கு, போட்டுக்கோன்னுதான் சொன்னீங்க. நானும் போட்டுக்கிட்டேன். இனிமே என் காலு சொல்லுகதுதான்.”

நீலாம்பாள் தன் கைப்பையிலிருந்து பணம் எடுத்துக் கொடுத்தாள். பழைய செருப்பைப் பெட்டியில் போடச் சொல்லிவிட்டு, புது ஷூவோடே கிளம்பினாள். மழை வலுத்திருந்தது. கோமதிநாயகம் முதலில் இறங்கி, குடையை விரித்துப் படியோரமாக நின்றார்.

ஜெயனுக்கு மனசு கேட்கவில்லை. பெட்டியை நீட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“சேச்சி, தப்பா எடுக்கப்படாது. நீங்க நடக்கது நல்லதுதானே. சார் எதுக்கு இப்படி ஒவ்வொண்ணுக்கும் முடக்கு சொல்லுகாரு?”

நீலாம்பாள் குனிந்து லேஸை இன்னொரு முறை இழுத்துக் கட்டினாள்.

“அவங்க மேல குத்தம் இல்ல தம்பி. மழை பெய்தா எங்க தெருவில முட்டளவு தண்ணி. சொல்லிச் சொல்லி அலுத்துப்போயி, இந்தத் தடவை கவுன்சிலர் தேர்தல்ல நானே நிக்கேன். நாளையிலேருந்து எங்க வார்டில ஒரு வீடு விடாம ஏறி ஓட்டுக் கேக்கணும். இப்பம் இருக்கப்பட்ட கவுன்சிலரைத் தோக்கடிக்கணும்.”

“அது யாரு சேச்சி, இப்பம் உள்ள கவுன்சிலர்?”

நீலாம்பாள் படியில் இறங்கியபடியே சொன்னாள்.

“அதோ, நான் நனையாம இருக்கக் குடை பிடிச்சுக்கிட்டு நிக்காங்க பாருங்க, அவங்கதான்.”