ஃபியூஸுக்குப் பின்னால் ஒரு பென்னி

"அந்தக் காசைத் தூக்கி எறிங்க தம்பி. அதைப் போய் எதுக்கு நோண்டிக்கிட்டு?" என்றார் வெர்னா சபோல்.

எரிந்துபோன தன் வீட்டு வாசலில், யாரோ கொடுத்த கோட்டை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். அந்தத் தீயில் அவர் கணவர் எமில் போய்விட்டார். அன்று சர்ச்சில் பியரோகி விற்பனை. அந்தக் கொழுக்கட்டைக்கு மாவு பிசையப் போயிருந்ததால் வெர்னா பிழைத்தார்.

நான் தீ விபத்துகளை விசாரிக்கிற ஆள். அடித்தளத்து ஃபியூஸ் பெட்டியிலேயே காரணம் கிடைத்துவிட்டது. பல்பு மாதிரித் திருகி மாட்டுகிற ஃபியூஸுக்குப் பின்னால் யாரோ ஒரு பென்னியை, ஒரு சென்ட் காசை, செருகியிருந்தார்கள். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று இப்படிக் காசை வைப்பது எங்கள் ஓஹையோவில் பழைய வீடுகளில் நடக்கிற கூத்துதான். விளக்கு ஜோராக எரியும். ஆனால் ஒயர் எவ்வளவு சூடானாலும் கரண்ட் நிற்காது. இந்தக் குளிருக்கு நாள் முழுக்க ஹீட்டர் ஓடியிருக்கிறது, சுவருக்குள்ளேயே பற்றிக்கொண்டுவிட்டது.

"எந்தப் பாவி சார் அதை வெச்சான்?" என்று கத்தினான் மகன் டேல். தகவல் கேட்டு ஓடி வந்ததிலிருந்து தூங்கவே இல்லை போலிருக்கிறது, கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது.

"வேற யாரு, உன் தாத்தாதான்," என்றார் வெர்னா அவசரமாக. "அவர் கட்டின வீடு. சரியான கஞ்சப் பிசினாறி. ஃபியூஸ் வாங்க மனசு வந்திருக்காது. போய்ச் சேர்ந்த மனுஷனை இனிமே என்ன கேக்கறது? விடுடா."

"தாத்தாவா?" டேல் அப்படியே படியில் உட்கார்ந்து விட்டான். கோபம் வடிந்து அழுகை வந்துவிட்டது. வெர்னா அவன் தலையைத் தடவிக் கொடுத்தார்.

அத்தோடு நானும் பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். ஆனால் என்னிடம் யாராவது பொய் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"உங்க தாத்தா எப்போ இறந்தார்?"

"எழுபத்தாறுல. நான் பொறக்கவே இல்லை. ஏன் சார்?"

காசை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். "இதைப் பாருங்க. மேல செம்பு, முட்டை ஓடு மாதிரி மெல்லிசா நிக்குது. உள்ளே இருந்தது உருகி வெள்ளையா வழிஞ்சிருக்கு. துத்தநாகம். அந்தக் காலத்துப் பென்னின்னா பெரும்பாலும் செம்புதான், இந்தச் சூட்டுக்கெல்லாம் அசையாது. துத்தநாகத்துல அடிக்க ஆரம்பிச்சது எண்பத்திரண்டுல. உங்க தாத்தா கல்லறையிலேர்ந்து எழுந்து வந்து வெச்சாத்தான் உண்டு."

என் சாமர்த்தியத்தில் எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

டேல் மெல்ல நிமிர்ந்தான். "அப்பாவுக்கு மில்லுல கால் போனது எழுபத்தொன்பதுல. அதுக்கப்புறம் அவர் அடித்தளத்துக்கு இறங்கினதே இல்லை. அப்போ..."

வெர்னா என்னைப் பார்த்தார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"ஆமாண்டா. நான்தான் வெச்சேன்."

"நீயா? அப்புறம் எதுக்குத் தாத்தா தலையில கட்டினே?"

"பயம்டா. உனக்குத் தெரிஞ்சா என்ன ஆகுமோன்னு பயம்."

"ஒரு ஃபியூஸ் வாங்க வக்கில்லாமப் போச்சா உனக்கு? கால் இல்லாத மனுஷன் மாடியில படுத்திருக்கார்னு தெரியாது? கொன்னுட்டியேம்மா!" படியிலிருந்து எழுந்துவிட்டான். "எங்க வீட்டுக்கு வந்து இருன்னேன்ல, வராதே. அடக்கத்துல கூட என் பக்கத்துல வந்து நிக்காதே."

கார்க் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போய்விட்டான்.

நானாவது வாயை மூடிக்கொண்டு இருந்தேனா? "உண்மையை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமேம்மா," என்றேன். "செத்தவர் மேல பழி போடறது நல்லாவா இருக்கு?"

வெர்னா கார் தெருமுனை திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு, மகன் உட்கார்ந்திருந்த படியிலேயே உட்கார்ந்தார்.

"நான் எங்க தம்பி வெச்சேன்? ஃபியூஸை எந்தப் பக்கம் திருகணும்னுகூட எனக்குத் தெரியாது."

"பின்னே?"

"டேலுக்கு அப்போ பதினாறு வயசு. கிட்டார் வாசிக்கறேன்னு, தெருவையே அலற வைக்கிற ஸ்பீக்கர் ஒண்ணு வாங்கிட்டு வந்தான். அதைப் போட்டாலே ஃபியூஸ் போயிடும். ஒருநாள் கையைத் தட்டிக்கிட்டே மேல ஏறி வந்து, 'ஒரே ஒரு பென்னியில சரி பண்ணிட்டேம்மா'ன்னான். என் ராஜா எவ்வளவு கெட்டிக்காரன்னு நான்தான் கொஞ்சினேன். அப்புறம் அந்த ஃபியூஸ் போகவே இல்லை. அவனும் சுத்தமா மறந்துட்டான்."

பழைய செம்புக் காசுதான் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அம்மாவும் பிள்ளையும் ஒன்றாகவே வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

"நான் அவர் பின்னாடியே போய்ச் சொல்லிடறேம்மா. உங்க மேல எந்தத் தப்பும் இல்லைன்னு..."

வெர்னா சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டவே வேண்டாம் தம்பி. என்னை வெறுத்தா அவன் பொண்டாட்டி பிள்ளைங்ககிட்ட போயிடுவான். தன்னையே வெறுத்துட்டா எங்க போவான்?"