ஒன்பது கிளிக் அதிகம்

“இன்னைக்கும் ஒன்பது அதிகம்” என்றார் ஸ்டுடியோக்காரர்.

நோட்டில் பதினான்கு பேர். ஆளுக்கு ஒரே கிளிக். கேமராவின் மெமரி கார்டிலும் பதினான்கு படம்தான் இருந்தது. ஆனால் எத்தனை தடவை அமுக்கினோம் என்று கேமரா தானே வைத்திருக்கும் ஷட்டர் எண்ணிக்கை காலையிலிருந்து இருபத்து மூன்று ஏறியிருந்தது.

படங்களைத் திருத்தி பிரிண்ட் போடும் எடிட்டர் அம்மா கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பவில்லை.

“டெஸ்ட் எடுத்திருப்பேன் சார். லைட் சரியா விழுதான்னு.”

“ஒன்பது தடவையா?”

“பழைய லைட்டாச்சே சார்.”

“அந்தப் படமெல்லாம் எங்கே?”

“அழிச்சிட்டேன்.”

அவர் நோட்டின் ஓரத்தில் ஒன்பது என்று எழுதி அடிக்கோடு போட்டார். நேற்று எட்டு. முந்தாநாள் பதினொன்று.

அது செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஃபுல் ஃபிரேம் கேமரா. அந்த ரகத்தில் இருப்பதிலேயே விலை குறைந்த மாடல். ஒன்றரை லட்சம் கிளிக் வரை ஷட்டர் தாங்கும் என்று விற்றவர் சொன்னார். வாங்கும்போதே எண்பத்தோராயிரத்து அறுநூற்று நான்கு ஓடியிருந்தது. அதனால்தான் அவர் ஆளுக்கு ஒன்றுக்கு மேல் எடுப்பதில்லை. எடுத்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தையும் எழுதி வைப்பார்.

இந்த அம்மாவுக்கோ அந்தக் கேமராவைக் குறை சொல்லாமல் பொழுது போகாது.

“ஃபோகஸ் புள்ளியெல்லாம் நடுவுலயே குவிஞ்சு கிடக்கு சார். கண்ணுல வச்சா மூக்குக்குப் போயிடுது.”

“மங்கின வெளிச்சத்துல எவ்வளவு சுத்தமா எடுக்குது, அதைச் சொல்லுங்க. என் பழைய லென்ஸ் எல்லாம் இதுல பொருந்துது, அதைச் சொல்லுங்க.”

“அது சரி சார். ஆனா சென்சார் பெருசு. ஃபோகஸ் ஒரு நூல் தப்பினாலும் காட்டிக் கொடுத்துடும். கேமரா அப்படி.”

‘கேமரா அப்படி’ என்பதை வாரத்துக்கு நாலு தடவையாவது சொல்லிவிடுவாள். குறை சொல்லிச் சொல்லி நம்மை வெறுக்க வைத்து, அடிமாட்டு விலைக்குத் தானே வாங்கிக்கொள்ளப் பார்க்கிறாளோ?

இன்னொன்றையும் அவர் கவனித்திருந்தார். அவர் படம் எடுத்து முடித்ததும், “நீங்க கேமராவை வச்சிட்டுப் போய்ப் பேரை எழுதுங்க சார், நான் லைட்டை அணைச்சிட்டு வரேன்” என்பாள். லைட் அணைக்க எவ்வளவு நேரம் ஆகும்? படத்துக்கு உட்கார்ந்த ஆள் வெளியே வர இரண்டு நிமிஷம், சில சமயம் மூன்று.

சாயங்காலம் அவள் போனதும் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மைத்துனனை வரவழைத்தார்.

“அழிச்ச படத்தைத் திரும்ப எடுக்க முடியுமா மாப்ளே?”

“எடுக்கலாம் மச்சான். ரெண்டு கார்டு போடுற கேமரா வாங்குங்கன்னு அப்பவே சொன்னேன், கேட்டீங்களா? ஒண்ணுல அழிச்சாலும் இன்னொண்ணுல இருந்திருக்கும். உங்களுக்குத்தான் கையிறுக்கம்.”

“வாயை மூடிட்டு வேலையைப் பாரு.”

அரை மணி நேரத்தில் அழிந்த படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. அவர் எண்ணினார். ஒன்பது.

மைத்துனன் முதல் படத்தைப் பெரிதாக்கிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

“காதுல இருக்கிற முடியை ஒண்ணொண்ணா எண்ணிடலாம் மச்சான். கண்ணுதான் புகை மாதிரி இருக்கு.”

அடுத்த படத்தில் சட்டைப் பொத்தான் பளிச்சென்று இருந்தது. முகம் மங்கல். மூன்றாவதில் எடுத்தவர் கை ஆடியிருந்தது.

“ஒண்ணுகூடத் தேறாது. அந்தம்மா உங்களுக்குத் தெரியாம எடுத்துப் பழகுறாங்க, வேறென்ன?”

“நினைச்சேன்!” என்று மேஜையைத் தட்டினார் ஸ்டுடியோக்காரர். “என் கேமரா, என் ஷட்டர், என் வாடிக்கையாளர். எனக்கே விபூதி அடிக்கிறா. நாளையோட சரி, கணக்கை முடிச்சு அனுப்பிடுறேன்.”

“எந்தெந்த நேரத்துல எடுத்ததுன்னும் படத்துலயே இருக்கு. எழுதிக்கிட்டுக் கேளுங்க, மறுக்க முடியாது.”

“சொல்லு.”

“பத்து பன்னிரண்டு.”

அவர் நோட்டைத் திறந்தார். முதல் வரியில் பத்து பன்னிரண்டு என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது.

“அடுத்தது?”

“பத்து முப்பத்தொன்பது.”

அதுவும் இருந்தது.

“பதினொண்ணு நாலு.”

இருந்தது.

ஒன்பதும் இருந்தன. ஒரு நிமிஷம்கூடப் பிசகவில்லை.

“கார்டுல இருக்கிற நல்ல படத்தைப் பாரு” என்றார். குரல் இறங்கியிருந்தது. “அந்த முதல் ஆளோடது எத்தனை மணிக்கு?”

“பத்து பதினாலு.”

அவர் நோட்டை மூடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு தன் வலது கையை வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தார்.

“அப்போ மங்கலா எடுத்தது யாரு மச்சான்?”

ஸ்டுடியோக்காரர் கையை இறக்கிக்கொண்டார்.

“கேமரா அப்படி மாப்ளே” என்றார்.

மறுநாள் காலை முதல் ஆள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். எடிட்டர் அம்மா வழக்கம்போல அவருடைய காலரைச் சரிசெய்துவிட்டு ஒதுங்கி நின்றாள். ஸ்டுடியோக்காரர் கேமராவைத் தன் கழுத்திலிருந்து கழற்றினார். அவளிடம் நீட்டினார்.

“என்ன சார்?”

“நீங்க எடுங்கம்மா” என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். “நான் இருந்து லைட்டை அணைச்சிட்டு வரேன்.”