ஈரத்துணி சுற்றிய வெப்பமானி

தகரக் கூரை வெயிலில் விரிந்து அவ்வப்போது டக்கென்று சத்தம் போடுகிறது. உள்ளே வந்த ஆராய்ச்சிக்காரிக்கு மூச்சு முட்டுகிறது. எந்தெந்த வீட்டில் வெயில் ஆளைச் சாய்க்கும் என்று கணக்கெடுத்து வரைபடம் போடுவது அவள் வேலை. போன மாதம் இந்தத் தெருவில் வீட்டுக்கொரு வெப்பமானி மாட்டிவிட்டுப் போனாள். அவை அனுப்பிய அளவுகளை வைத்துப் போட்ட வரைபடத்தில் தெரு முழுக்கச் சிவப்பு. இந்த வீடு மட்டும் குளுகுளுவென்று நீலம். நீல வீட்டுக் கூரைக்கு வெயில் தாங்கும் வெள்ளைப் பூச்சு கிடைக்காது. சுவரில் அவள் அடித்த ஆணி காலியாக இருக்கிறது. இரவுக் காவலுக்குப் போய்வந்த வீட்டுக்காரர் தரையில் தூங்குகிறார். வேர்வையில் முதுகு விரிப்போடு ஒட்டிக் கிடக்கிறது. வீட்டின் ஒரே மின்விசிறி அவரை விட்டுவிட்டு மூலையைப் பார்த்துச் சுற்றுகிறது. அங்கே தண்ணீர்க் குடத்தின் மேல், ஈரத்துணி சுற்றிய வெப்பமானி.

“இத ஏன்க்கா இங்க வச்சீங்க?” என்று வீட்டுக்காரியிடம் கேட்கிறாள்.

“அந்தச் செவுரு கொதிக்குதும்மா. இரவல் சாமான், சூட்டுல கெட்டுப்போச்சுன்னா நாங்கதானே பதில் சொல்லணும்? பெத்த பிள்ள மாதிரி பாத்துக்கிட்டேன்.”

“அது சூடாகட்டும்க்கா. அப்பத்தான் வீட்டுச் சூடு எங்களுக்குத் தெரியும்.”

ஆராய்ச்சிக்காரி துணியை உருவிவிட்டு வெப்பமானியை ஆணியில் மாட்டுகிறாள். எண் விறுவிறுவென்று ஏறுகிறது. வீட்டுக்காரி தலையை ஆட்டத்தான் செய்கிறாள், மனசு கேட்கவில்லை. “ஐயையோ, காய்ச்சல் மாதிரி ஏறுதே!” என்று பதறி, தூங்குகிற புருஷனை ஒரே எட்டில் தாண்டிப் போய், மின்விசிறியை ஆணியின் பக்கம் திருப்பி வைக்கிறாள்.