முட்டை திருடியவன்

அணில் ஒரு கதை எழுதியது. "நான்தான் மைனாவின் முட்டையைத் திருடினேன்" என்று ஒரு திருடனே சொல்கிற கதை. அணில் கொய்யாப்பழத்தைத் தவிர எதையும் தொட்டதில்லை. ஆனால் மதிப்புரை எழுதிய உடும்பு, "ஆசிரியர் தன் திருட்டை ஒப்புக்கொள்கிறார்" என்று எழுதிவிட்டது. அதைப் படித்த மைனாக்கள் அணிலையும் குட்டிகளையும் கொட்டும் மழையில் மரத்தைவிட்டு விரட்டின.

அணில் நனைந்தபடி உடும்பிடம் போனது.

"அண்ணே, திருடினது நான் இல்லை, கதைசொல்லி. அப்படித்தான் எழுதியிருக்கணும்."

"ஒரு சொல்தானே, அதுக்கா இந்த மழையில வந்தே?"

"அந்தச் சொல்லாலதான் என் குட்டிங்க வெளியில கிடக்குதுங்க."

உடும்பு மதிப்புரையை எடுத்தது. 'ஆசிரியர்' என்பதை அடித்து, 'கதைசொல்லி' என்று எழுதி, தானே கொண்டுபோய் மைனாக்களிடம் கொடுத்தது.

மூத்த மைனா இரண்டு முறை படித்தது. குட்டிகளைப் பொந்துக்குள் விட்டது. பிறகு அணிலின் காதருகே வந்து கேட்டது:

"அந்தக் கதைசொல்லிப் பயல் எந்த மரத்துல இருக்கான்?"