வாசலில் நின்ற டாக்டர்

“சார், கம்பி நுழைய மாட்டேங்குது! நீங்க உள்ள வாங்க!”

டாக்டர் சியோசையா அசையவில்லை. எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும் ஈய அங்கியை மாட்டிக்கொண்டு அவசரமாக ஓடி வந்தவர், மேசையில் கிடந்த நோயாளியைப் பார்த்ததும் வாசலோடு நின்றுவிட்டார். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மைக்கில் பேசினார்.

“என்னால முடியாது பிரிட்ஜெட். படத்தப் பாத்துக்கிட்டே மெதுவாத் திருப்பித் தள்ளு.”

பிரிட்ஜெட்டுக்கு அழுகை முட்டியது. திரையில் இதயத்தின் பெரிய ரத்தக் குழாய் ஓரிடத்தில் நூலாக இளைத்துக் கிடந்தது. அந்த அடைப்பைக் கம்பி தாண்டினால்தான் ஸ்டென்ட் வைக்க முடியும். அவளோ இன்னும் பயிற்சி டாக்டர்.

மேசையில் மெலெனைட் அம்மாள் கண்விழித்தபடியே முனகினாள். ஈஸ்டர் விடுமுறை, ஊரில் வேறு இதய டாக்டர் கிடையாது. பிரிஸ்பேனுக்கு விமானத்தில் ஏற்றினால் வழியிலேயே உயிர் போய்விடும்.

“பழி என் தலையில விழட்டும்னுதான் நிக்கிறாரு!” என்று நர்ஸ் லெசியேலியிடம் பொரிந்து தள்ளினாள் பிரிட்ஜெட். “உங்க டோங்கா தீவு ஆம்பளைங்களே இப்படித்தானா? உனக்குப் பிரசவமானப்ப உன் அண்ணனும் ரூமுக்குள்ள வராம, வராந்தாவுலயே பூவக் குடுத்துட்டுப் போயிட்டாரு!”

“அது கூடப்பொறந்தவளுக்குக் காட்டுற எங்க மரியாதை, டாக்டர்” என்று தலைகுனிந்தாள் லெசியேலி.

“மரியாதையாம்! இங்க ஒரு உசுரு போகுது!”

கம்பி மறுபடி வழுக்கியது. மானிட்டர் அலறியது.

“பிரஷர் இறங்குது டாக்டர்!” என்று கத்தினாள் லெசியேலி.

“இடது பக்கம் திருப்பு... இல்ல, விட்டுடு... இன்னொரு படம் எடு.” சியோசையாவின் குரல் உடைந்தது. திரையைத் தவிர வேறெதையும் அவர் பார்க்கவில்லை. ஆயிரம் அடைப்பு திறந்த கை, கண்ணாடியில் பதிந்து கிடந்தது.

“கையக் கூப்பிக் கேக்கறேன் சார், ஒரே ஒரு தடவ உள்ள வாங்க. இந்தம்மா செத்துருவாங்க!”

அவர் தலையை மட்டும் ஆட்டினார். கண்ணீர் தாடைவரை வழிந்தது. பிரிட்ஜெட்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை, கோபம் மட்டும் பொங்கியது.

மேசையில் கிடந்த மெலெனைட் மெல்லத் தலையைத் திருப்பினாள். மூச்சு வாங்க, இருக்கும் பலத்தையெல்லாம் கூட்டிக் கண்ணாடியைப் பார்த்து அதட்டினாள்:

“டேய் தம்பி, அக்கா சொல்றேன், மரியாதையெல்லாம் போதும்... உள்ள வாடா!”