தில்லையம்பலத்தாரின் லேகியம்

மனத்தை அடக்கியவனுக்கு மூத்திரம் ஒரு பொருட்டே அல்ல என்பது தில்லையம்பலத்தாரின் சித்தாந்தம். கொழும்புக் கலியாணத்துக்குப் போன வான் வண்டியில், பதினைந்து உறவினர் முன்னிலையில் அதை அவர் அறிவித்தார்.

மனைவி பத்மாசினி மூன்றாவது தடவையாக ஒரு புதர்ப் பத்தையோரம் வானை நிறுத்தச் சொல்லியிருந்தாள்.

"பஸ் ஹோல்டுக்கு ஹோல்டு நிக்கும். எங்கடை வான் இவளாலை பத்தைக்குப் பத்தை நிக்குது" என்றார்.

வானே சிரித்தது. பத்மாசினி ஈரச் சேலையோடு யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்குவதற்குள் பிந்திவிட்டது.

ஊர் திரும்பியதும் அவள் டொக்டரிடம் போய்வந்தாள். அன்று தொடக்கம், நித்திரைக்கென்று கணவர் தானே கிண்டித் தினமும் தரும் லேகிய உருண்டையை அவரிடமே நீட்டினாள்.

"இஞ்சேருங்கோ, எனக்கு இப்ப நல்ல நித்திரை. என்ரை பங்கையும் நீங்களே சாப்பிடுங்கோ. உங்களைப்போல மனக்கட்டுப்பாடு உள்ள ஆக்களுக்குத்தான் மருந்து பிடிக்கும்."

"இப்பதான் உனக்கு விளங்கியிருக்கு" என்று இரண்டையும் விழுங்கினார்.

மூன்று மாதம் கழித்து இன்னொரு கொழும்புக் கலியாணம், அதே வான். பத்மாசினி அசையாமல் இருந்தாள்.

"என்னக்கா, சுகமாயிட்டுதோ?" என்று தங்கை பிரதீபா குசுகுசுத்தாள்.

"ஓம். இவர் லேகியத்திலை போடுற கஞ்சாதான் எனக்கு அவசரத்தைக் கூட்டினதாம். டொக்டர் நிப்பாட்டச் சொன்னா."

"ஆம்பிளையளுக்கும் அப்பிடிச் செய்யுமோ?"

"நான் கேக்கேல்லை. பாத்துக்கொண்டிருக்கிறன்."

முன் இருக்கையில் தில்லையம்பலத்தார் சாரதியின் காதோடு காதாக, "தம்பி, அந்தப் பத்தையடியிலை ஒருக்கா ஓரங்கட்டு" என்றார்.

அது நாலாவது பத்தை. கால்வழிகூட ஆகாத கிளிநொச்சியே இன்னும் வரவில்லை.